ஞாயிற்றுக்கிழமை வலி

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை செய்ததில்லை. முப்பத்திரண்டு வருடம் தாதி வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பத்து வருடம், தேயிலைத் தோட்டம் தோட்டமாக, வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய்க்காரர்களைப் பார்க்கிற வேலை. அந்தப் பத்து வருடத்தில் ஒரேயொரு ஞாயிறுதான் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் படி ஏறினேன். திங்களிலிருந்து சனி வரைக்கும் மலை ஏறி இறங்கிய காலுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா? காலையில் பூசை, பிறகு துணி துவைப்பது, பகலில் ஒரு தூக்கம். அதில் தப்பே இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நான் செய்த தப்பு வேறு. வாரத்தில் நான் போகாத அந்த ஒரு கிழமையைப் பற்றி, கூடவே இருந்து பார்த்தவள் மாதிரிப் பேசினேன்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். புண்ணுக்கு எப்படிக் கட்டுவது, வீங்கின கையை எப்படித் தூக்கி வைப்பது, எந்த மாத்திரைக்கு மலச்சிக்கல் வரும் என்பதெல்லாம் வகுப்பில் என்னைவிட நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிற நர்ஸ் ஒருத்தி ஒரு குடும்பத்தை என்ன செய்துவிடுவாள் என்பதை அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

அவரைப் பேச்சியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு வயது. பலாங்கொடையிலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அங்கிருந்து கால்நடையாக அரை மணி நேரம். லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா, அவருடையது. மார்பில் கட்டி வந்ததை இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல், பழைய சேலைத் துணியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கொழுந்து பறித்திருக்கிறார். புருஷனுக்குக்கூடத் தெரியாது. புண் உடைந்து வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்போது நோய் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் போய்விட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் அனுப்பினார்கள்.

வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மாத்திரை. மோர்பின். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய வகை. பன்னிரண்டு மணி நேரம் தாங்குகிற வகையும் உண்டுதான். எங்கள் மருந்தகத்துக்கு அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை; பெரும்பாலும் இல்லை.

இங்கேதான் சிக்கல். நாலு மணி நேரம் ஆனது பேச்சியம்மாவுக்கு எப்படித் தெரியும்? சுவரில் இருந்த கடிகாரம் எந்தக் காலத்திலோ நின்றுபோனது. வீட்டில் இருந்த ஒரே போன் புருஷன் ராமையாவிடம். அவர் காலையில் வேலைக்குப் போகும்போது அதுவும் அவர் சட்டைப் பையில் போய்விடும். பக்கத்துக் காம்பராக்காரி பகல் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பாள், அவ்வளவுதான். வலி வந்த பிறகு மாத்திரை போடுவது தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டப் போவது மாதிரி. அதனால் நேரம் முக்கியம்.

நான் அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டோரில் சங்கு ஊதியது. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு என்று நாலு தடவை அந்தத் தோட்டத்தில் சங்கு ஊதும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேட்கும். என் மாத்திரைக்கும் அதே நேரம்தான்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பேச்சியம்மா, இனிமே மணியெல்லாம் பாக்கவே வேணாம். சங்கு ஊதுனா ஒன்னு போடுங்க. ராத்திரி படுக்கப் போறப்ப ராமையாண்ணே குடுப்பாரு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மிஸி. சங்கு ஊதுனா போடணும்." நர்ஸை அங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஊதுனா மறக்காமப் போடணும்."

"முப்பத்தஞ்சு வருசமா அதுக்குத்தானே எந்திரிச்சோம். மறக்கவா போறேன்?" என்று சிரித்தார்.

இரண்டு நாளில் வலி அடங்கிவிட்டது. மாதக் கூட்டத்தில் இதை நான் எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். மற்றத் தோட்டங்களிலும் இப்படிச் செய்யலாம் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். நாட்டில் மூளை எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்ற நினைப்போடு அன்று பஸ் ஏறினேன்.

நான் போவது வியாழக்கிழமைகளில். இரண்டாவது வியாழன் போனபோது, ராமையா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வார நாளெல்லாம் நல்லாத்தான் இருக்கா மிஸி. இந்த ஞாயித்துக்கெழமைதான் படாதபாடு படுறா. பகலுக்கு மேல ஆரம்பிச்சிச்சுன்னா சுருண்டுருவா. பாக்கவே முடியல."

அடுத்த வியாழனும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். மகள் போன் பண்ணுவாள்.

மகள் சுகந்தி கொழும்புப் பக்கம் கார்மென்ட்டில் வேலை. வேலை நாளில் போனை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், ஓவர்டைம் முடிந்து வெளியே வர இருட்டிவிடும், அதற்குள் இங்கே படுத்துவிடுவார்கள். ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கும் லீவு. ராமையாவின் போனும் அன்றுதான் பகலெல்லாம் வீட்டில் இருக்கும். கூட வேலை செய்த சிங்களப் பையனைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டதால் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்கு இந்த நோய் என்று கேள்விப்பட்ட பிறகுதான் திரும்பப் போன் பண்ண ஆரம்பித்திருக்கிறாள். ஞாயிறு பகல், துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, மூன்று மணி போலக் கூப்பிடுவாள்.

"அவ பேச்சியம்மாகிட்ட என்ன பேசுவா?"

"எங்க பேசுறது. இவ போன வாங்கி, 'ஒன்னு சொல்லணும்'ம்பா. அப்புறம் பல்லக் கடிச்சிக்கிட்டு, 'வை போன, அப்புறம் சொல்றேன்'னு குடுத்துருவா. அந்தப் புள்ள அங்க அழுவுது."

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பத்து வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பதுதானே, மனசில் இருக்கிற வலி உடம்பில் வந்து உட்காரும். மகள் மேல் இருந்த கோபம் ஆறவில்லை. அவள் குரல் கேட்டதும் வலி ஏறுகிறது. நான்காவது ஞாயிறும் இப்படியே ஆனதும், வெள்ளிக்கிழமை கிளினிக்கில் டொக்டரிடம் ஞாயிறுகளில் வலி மிஞ்சிப்போகிறது என்று அறிக்கை கொடுத்தேன். என் வார்த்தையை நம்பி அவர், வேளைக்கு ஒன்றாக இருந்த மாத்திரையை எல்லா நாளுக்கும் இரண்டாக்கினார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மகளின் நம்பரை வாங்கி, இருட்டிய பிறகு நானே கூப்பிட்டேன்.

"சுகந்தி, நான் அம்மாவப் பாக்க வர்ற மிஸி. நான் சொல்றத தப்பா எடுத்துக்காத. நீ பேசுற அன்னிக்கித்தான் அம்மாவுக்கு வலி கூடுது. அவங்க மனசு இன்னும் ஆறல. கொஞ்ச நாளைக்கு நீ கூப்பிடாம இருந்தா நல்லது."



"நான் பேசினா அம்மாவுக்கு வலிக்குதா மிஸி?"

"அப்பிடித்தான் தெரியுது."

"சரி மிஸி," என்றாள். வைத்துவிட்டாள்.

இதை எழுதுகிறபோது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் கல்நெஞ்சக்காரி அல்ல. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தேன். அதனால் அது ஒன்றும் சின்னத் தப்பாகிவிடவில்லை.

மகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வலி நிற்கவில்லை. அப்போதாவது என் மண்டையில் ஏறியிருக்க வேண்டுமா இல்லையா? ஏறவில்லை. போன் வந்தபோது அது கோபம் என்றேன், வராதபோது அது ஏக்கம் என்றேன். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு காரணம் என்னிடம் கைவசம் இருந்தது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், எது நடந்தாலும் அதற்குச் சரியாக வந்து பொருந்துகிற காரணம் ஒன்று உங்களிடம் இருந்தால், அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

இதற்குள் வார நாட்களில் பேச்சியம்மா தூங்கி வழிய ஆரம்பித்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். சோறு வாயில் இருக்க, மெல்ல மறந்துபோவார். ஞாயிறு மட்டும் முழு விழிப்பும் முழு வலியும். ஒரு வியாழன் பக்கத்துக் காம்பராக்காரி என்னிடம், "நல்லா நிம்மதியாத் தூங்குது மிஸி" என்று சந்தோசமாகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

மகளின் போன் இல்லாமல் ஐந்து ஞாயிறு இப்படிப் போனது. ஐந்தாவது ஞாயிறுக்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமை போயா, பௌர்ணமி நாள். அந்த வியாழன் ராமையா சொன்னார், "இந்தக் கெழமை செவ்வாயும் சேத்து ரெண்டு நாளு மிஸி. அன்னிக்கும் அதே மாதிரி."

அடுத்த நாள் கிளினிக்கில் இதை டொக்டரிடம் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர், சிங்களப் பெண், அதிகம் பேசமாட்டார். நாங்கள் பேசுவது சிங்களத்தில்தான். மகள் செவ்வாயும் போன் பண்ணினாளா என்று கேட்டார். இல்லை, அவள் போன் பண்ணியே ஐந்து வாரம் ஆகிறது என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸி, பெத்தி கணன் களாத?"

மாத்திரைகளை எண்ணினீர்களா என்று கேட்டார். நான் எண்ணவில்லை. ஒரு தடவைகூட எண்ணவில்லை. மோர்பினை எண்ணப் போனால் அந்த ஏழை ஜனங்களைத் திருடர் மாதிரிப் பார்ப்பது ஆகிவிடும் என்று ஒரு பெரிய மனசு எனக்கு. அதைவிட உண்மையைச் சொன்னால், கைதட்டு வாங்கிய ஏற்பாட்டில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். டொக்டர் திட்டவில்லை. எண்ணிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று பகலே பஸ் ஏறினேன். பேச்சியம்மா சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தார். மிச்ச மாத்திரை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். மேலே தட்டில் இருந்த பால்மா டின்னைக் கை காட்டினார். கொட்டி எண்ணினேன். அறுபத்து நாலு. 

"இது என்ன பேச்சியம்மா, இவ்வளவு?"

"மிச்சமாவுறத திருப்பிக் குடுக்கணும்னு சொன்னீங்கல்ல மிஸி. பத்திரமா வச்சிருக்கோம்."

"ஏன் மிச்சமாகுது? எப்பப் போடாம உட்டீங்க?"

அவர் என்னை, ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறேன் என்பது மாதிரிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை சங்கு ஊதாதே மிஸி."

 ஞாயிறு வேலை இல்லை. போயாவுக்கும் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் எந்த ஸ்டோரில் சங்கு ஊதும்? நான் பிறந்ததே தோட்டத்தில்தான். என் அம்மா கூடை மாட்டினவர். என்னைவிட வேறு யார் இதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

"வலி வந்தப்பவாவது எடுத்துப் போட்டிருக்கலாமே?"

"போடலாமான்னு அவரும் கேட்டாரு. மிஸி சொன்னது சங்குக்குத்தானே, நேரந்தவறிப் போட்டா ஏதாச்சும் ஆயிருமேன்னு நான்தான் வேணாம்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "மருந்துக்கடையும் ஞாயித்துக்கெழமை பூட்டித்தானே இருக்கு மிஸி. மாத்திர குடுக்குறதே வேலைக்குப் போகத்தானே. வேல இல்லாத நாளு மருந்துக்கும் லீவுன்னு நெனச்சோம்."

தோட்டத்து மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து "நாளைக்கி வேலைக்கிப் போயிரலாம்" என்று சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர். அவர் வேறு எப்படி நினைப்பார்?

நான் கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்டேன்.

"பேச்சியம்மா, சுகந்தி மேல இன்னும் கோவமா?"

"எனக்கா? கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. அவகிட்ட ஒன்னு சொல்லணும். அவ கூப்புடுற நேரம் பாத்து இந்த இடுப்பு உசுர வாங்கிரும். இப்ப அவதான் கோவிச்சுக்கிட்டா. அஞ்சு வாரமா போனே இல்ல."

டொக்டர் மாத்திரையைத் திரும்ப ஒன்றாக்கினார், எல்லா நாளும். அதைச் செய்வது சுலபம். எனக்கு இருந்தது வேறு வேலை. அன்று இருட்டிய பிறகு சுகந்தியைக் கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாமல் மாத்திரை போடாததால்தான் வலி, உன்னால் இல்லை, அம்மாவுக்கு உன்மேல் கோபமும் இல்லை, நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அப்ப அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"நீதான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சிருக்காங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நீங்க யாரு மிஸி அத சொல்ல?" என்றாள். "எங்க வீட்டுக்கு நீங்க வந்ததே மருந்து குடுக்கத்தானே?"

 மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்குக்குப் பதிலாக என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். ராமையாவின் போனில் அலாரம் வைத்துக் கொடுக்கலாம் என்றேன்.

"வேணாம். நானே கூப்புடுறேன். ஆறு, பத்து, ரெண்டு, ஆறு. போயாவுக்கும் எங்களுக்கு லீவுதான்."

அந்த ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸிலேயே ஏறி, பத்து மணிக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டேன். லயம் முழுக்க வேறு மாதிரி இருந்தது. ஆம்பிளைகள் வாசலில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், எங்கோ டிவி சத்தம். பத்தாண்டு வேலையில் நான் அறியாத நாள் அது. ராமையா போனைப் பேச்சியம்மாவின் தலைமாட்டில் வைத்திருந்தார். சரியாகப் பத்துக்கு அடித்தது.

"அம்மா, மாத்திர."

"ம். போட்டுட்டேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். இரண்டு மணிக்குத் திரும்ப அடித்தது. மாத்திரையை ராமையா எடுத்துக் கொடுத்தார், பேச்சியம்மா விழுங்கினார். அப்புறம் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, என்னையும் ராமையாவையும் வெளியே போகும்படி கண்ணைக் காட்டினார். லயத்துச் சுவரில் என்ன ரகசியம் நிற்கும்? எங்களுக்குக் கேட்டது.

"சுகந்தி, ஒன்னு சொல்லணும்னு சொன்னேன்ல. குளிக்கிறப்ப கைய வச்சுப் பாத்துக்க. சின்னதா இருந்தாக்கூட போய்க் காட்டு. மறைக்காத. என்னைய மாதிரி மறைக்காத, என்னம்மா. அந்தப் பையன்கிட்ட சொல்லு, அவன் கூட்டிட்டுப் போவான்ல?"

அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்ததோ தெரியாது. "அப்ப நல்லவன்தான்," என்றார் பேச்சியம்மா.

ராமையா வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என்னாலும் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, சங்கு விஷயம் தோற்றுப்போனது என்று முழுவதையும் சொன்னேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை. சங்கை நம்பி வேறு மூன்று தோட்டங்களிலும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எல்லா இடத்திலும் போய் எண்ணினோம்.

சுகந்தி புருஷனோடு ஒரு தடவை வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். ஞாயிறு தவறாமல் நாலு தடவை போன் அடித்தது. ஒரு புதன்கிழமை, பகல் இரண்டு மணிச் சங்கு ஊதி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மா போய்விட்டார். வலி இருக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி கூட இருந்தாள்.

எட்டாம் நாள் போனேன். மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும், அது சட்டம். சுகந்திதான் இருந்தாள். டின்னைக் கொண்டுவந்து, பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்து, தானே எண்ணினாள். நான் என் கொப்பியில் எழுதி வைத்திருந்த கணக்கைப் பார்த்தேன். எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனை இருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

"சரியா இருக்கும்மா," என்றேன்.

அவள் மாத்திரைகளைத் திரும்ப டின்னில் போட்டு, மூடியை அழுத்தி என்னிடம் தந்தாள். தேத்தண்ணி ஊற்ற எழுந்தவள், அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள். குரலில் சண்டை ஏதும் இல்லை.

"ஏழு ஞாயிறு கெடச்சுச்சு மிஸி. பன்னெண்டு கெடச்சிருக்கணும்."

"ஆமா," என்றேன்.